அரைவார்த்தையின் முப்பத்தொரு நோட்டுகள்

மணிக்கூண்டு மெக்கானிக் இறந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அவருடைய பயண நோட்டுகளில் ஒன்றை மகள் தூசி தட்டித் திறந்தபோது அது ஒரு பெண்ணின் குரலில் பேசியது. சத்தம் அதிகமில்லை, பக்கத்து அறையில் ஒருத்தி வேலை செய்துகொண்டே பேசுகிற அளவுதான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம், தைத்தவருக்கு நிறம் கிடைக்கவில்லை, ஆனாலும் நூலை நாலு சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார், இந்த மனிதர் வீடு திரும்பக் காத்திருக்க ஒரு ஆள் உண்டு என்று அந்தக் குரல் சொன்னது. இளம் குரல், தெளிவான குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். மகள் நோட்டை மூடினாள், குரல் நின்றது. திறந்தாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அம்மாவின் தையல் கடையில் அப்போது கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஆகவே மத்தியானத்துக்குள் விஷயம் தெருமுனைக்குப் போய்விட்டது. போகிற வழியில் கை முளைத்து, கால் முளைத்து, மெக்கானிக்குக்கு வேறொரு ஊரில் வேறொரு குடும்பம் என்று முழு ஆளாகவே போய்ச் சேர்ந்தது. நோட்டு பேசியதைப் பற்றி யாரும் பெரிதாக வியக்கவில்லை. யார் குரலில் பேசியது என்பதுதான் பேச்சு.

அந்த மெக்கானிக்கைத் தெருவில் அரைவார்த்தை என்பார்கள். முழு வார்த்தை பேச அவருக்கு மனசு வராது. மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகப் போய், மணிக்கூண்டில் ஏறி, பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு, முள்ளை நேர் செய்து, இறங்கி, அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவது அவர் வேலை. மீதிப் பத்து நாள் வீடு. வாசலில் பையை இறக்கிவைத்துவிட்டு "வந்தாச்சு" என்பார். பயணம் எப்படி, சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி என்று எதைக் கேட்டாலும் "ஓடுது" என்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. கம்பெனி விதிப்படி, போன ஊரில் பார்த்த வேலையை நோட்டில் எழுத வேண்டும். அவர் வேலையை ஒரு வரியில் முடித்துவிட்டு, மீதித் தாளை வீணாக்க மனமில்லாமல் அந்த ஊரைப் பற்றி எழுதினார். வருடத்துக்கு ஒரு நோட்டு, முப்பத்தொரு வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அன்று அவர் பராமரித்துவந்த பதினெட்டு ஊர்களிலும் மணிக்கூண்டுகள் கால் மணி நேரம் நின்று, பிறகு தாமாகவே ஓடின. சில பேருந்துகள் தாமதமாகக் கிளம்பின. மற்றபடி சேதம் ஒன்றுமில்லை. கம்பெனி முப்பத்தொரு நோட்டுகளையும் ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அங்கே அவற்றை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை: ஒரு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஒரு முக்காலி. அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் அவள் ஒருத்திதான் பேசித் தீர்த்தாள். கத்தரி ஓடும்போது வாயும் ஓடும். குரல் மட்டும் கரகரப்பு, காய்ந்த பலகையில் ரம்பம் இழுக்கிற மாதிரி. தெருவுக்கு அது பழகிப்போயிருந்தது. கோணலாக ஓடிய தையலை அவள் நண்டுத் தையல் என்பாள். எப்போது தருவீர்கள் என்று பறக்கிற ஆட்களை, முள்ளைத் தள்ளினால் நேரம் ஓடாது, உள்ளே சக்கரம் சுற்ற வேண்டும் என்று சொல்லி உட்காரவைப்பாள். புருஷன் வீட்டில் இருக்கிற பத்து நாளும் அந்த முக்காலியில் உட்கார்ந்து, பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பார். அவள் பேசுவாள். அவர் கேட்கிறாரா, உட்கார்ந்தபடியே தூங்குகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. சுவரோடு பேசினால்கூட எதிரொலி வரும் என்று அவள் சலித்துக்கொள்ளாத மாதம் கிடையாது. இப்போது எதிரொலி வந்திருக்கிறது, அதுவும் எவளோ ஒருத்தியின் குரலில். அவளுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அந்த இருபது இருபது நாட்களில், அந்த மனுஷன் மனசில் தான் ஒரு மூலையிலாவது இருந்தோமா இல்லையா. அன்று அவள் வெட்டிய கால்சட்டையில் ஒரு கால் இரண்டு அங்குலம் நீளமாகப் போனது. அவள் கையில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

மெக்கானிக்கின் அண்ணனை மகள் பெரியப்பா என்று கூப்பிடப்போய், தெரு முழுக்கவே அவருக்குப் பெரியப்பா என்று பெயர் நிலைத்துவிட்டது. துறைமுக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் பாதியைச் சுற்றியவர், மீதியைப் பற்றியும் பேசுகிறவர். அவர் வாயைத் திறந்த பிறகு அந்த அறையில் வேறொரு குரல் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. நெருப்பில்லாமல் புகையுமா என்றார், குடும்ப மானம் என்றார், நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவதே உத்தமம் என்றார். தையல்காரிக்கும் இருந்த கோபத்தில் அது சரியாகவே பட்டது. பழைய பேப்பர்காரர் வந்து மூட்டை கட்டித் தூக்கிப் போனார். மூன்றாம் நாள் அதே மூட்டையோடு திரும்பி வந்தார். சாக்குக்குள் நோட்டுகள் விரிந்துகொண்டு வழியெல்லாம் பேசினவாம். நல்ல பேச்சுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே வண்டி தள்ளியதில் இரண்டு தெருவில் கூவ மறந்துவிட்டாராம். தொழில் கெட்டுப்போகிறது என்று மூட்டையை மேஜைக்கு அடியில் இறக்கிவைத்தார்.

"டெய்லரம்மா, யாரு என்ன வேணா சொல்லட்டும். இது எடைக்குப் போடுற பேச்சு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் பெரியப்பாவின் வாய் வேறொரு திசையில் திறந்தது. அரைவார்த்தையின் நோட்டே பேசுகிறதென்றால் தம்முடைய நோட்டு என்ன ஊமையா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தோல் அட்டை போட்ட பயண நோட்டை எடுத்துவந்து, வெட்டு மேஜையின் நடுவில் வைத்துத் திறந்தார். நோட்டு தொண்டையைச் செருமியது. பிறகு பெரியப்பாவின் குரலிலேயே, நான் கப்பலில் ஏறினேன், நான் மேல்தளத்தில் நின்றேன், என்னைக் கண்ட மாலுமிகள் எழுந்து நின்றனர் என்று முழங்கியது. மலை ஒன்று வந்தது. அங்கே அவர், சொல்லில் அடங்காத அழகு என்று எழுதியிருந்தார். நோட்டு அந்த இடத்தில் வாயடைத்து நின்றுவிட்டது. சொல்லில் அடங்காததை அது எப்படிச் சொல்லும், பாவம். பதினோரு நாடுகளில் பதினோரு இடத்தில் அப்படி நின்றது. நின்ற இடமெல்லாம் தலைக்குத் தடவும் எண்ணெய் வாசனை மட்டும் கொஞ்சம் வந்தது. ஒரே பக்கத்தில் "நான்" முப்பத்தாறு என்று மகள் எண்ணிச் சொன்னாள். பெரியப்பா நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேஜை சமமாக இல்லை என்றார்.

அந்த வாரம் தெருவில் பயணக் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாம் வரிசையில் வந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியரின் சுற்றுலா நோட்டு வானொலியில் செய்தி வாசிப்பவர் குரலில் பேசியது. அவர் எழுதியிருந்த வாசகம் எல்லாம் அங்கே கேட்டவைதான். மூலை வீட்டு நர்ஸ் வேலை விஷயமாக ஊர் ஊராகப் போனபோது எழுதிய சின்ன நோட்டு, எப்போதோ இறந்துபோன அவளுடைய அக்காவின் குரலில், அடி பைத்தியமே இந்தக் கடலைப் பாருடி என்று ஆரம்பித்தது. நர்ஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு அப்போது விஷயம் பிடிபட்டது. ஒரு ஆள் போன இடத்தையெல்லாம் யாருடைய வார்த்தையைப் போட்டுக்கொண்டு பார்க்கிறாரோ, அவர் குரலில்தான் நோட்டு பேசுகிறது. பெரியப்பா தம்முடைய வார்த்தையை மட்டுமே போட்டுக்கொண்டு உலகம் சுற்றியிருக்கிறார்.

இது தெரிந்ததும் தையல்காரிக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். வந்தது எரிச்சல். அப்படியானால் முப்பத்தொரு வருடமாக அந்த மனுஷன் ஒருத்தியின் வார்த்தையைக் கண்ணில் மாட்டிக்கொண்டுதான் ஊரைப் பார்த்திருக்கிறார். ஆகட்டும், அந்த மகராசி யாரென்று பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்தால் நேரே போய், முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடலாம். முதல் நோட்டை எடுத்து முக்காலியின் மேல் விரித்துவைத்துவிட்டு மெஷினை மிதித்தாள்.

குரல் பேசியது. சாலையை நன்றாக வெட்டியிருக்கிறார்கள், ஆனால் ஓரம் அடிக்காமல் விட்டுவிட்டார்கள், மழைக்கு நூல் நூலாகப் பிரிகிறது என்றது. ஆறு இடுப்பில் இறுக்கமாகவும் கீழே தாராளமாகவும் இருக்கிறது, மலையை அளவெடுத்தவர் கைராசிக்காரர் என்றது. மேகம் இஸ்திரி போடாமல் கிடக்கிறது என்றது. கேட்கக் கேட்கத் தையல்காரிக்கு ஒன்று விளங்கியது: அவளும் தையல்காரி. இது அவள் வயிற்றெரிச்சலை இரட்டிப்பாக்கியது. ஒரு மளிகைக்கடைக்காரியாகவோ டீச்சராகவோ இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சில இடங்களில் மெஷினை நிறுத்திவிட்டு, அந்தத் துணிக்கு அப்படி ஓரம் அடிக்கக் கூடாது என்று நோட்டோடு சண்டை பிடிக்கப் போய், கொஞ்சம் யோசித்து, சரிதான், வேலை தெரிந்தவள்தான் என்று ஒத்துக்கொண்டாள். இரண்டாம் நோட்டில் ஒரு மணிக்கூண்டு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு படி, ஒன்றுக்கொன்று அளவு சேரவில்லை, முழுக்க நண்டுத் தையல் என்றது குரல். தையல்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. தான் சொந்தமாக உண்டாக்கிய வார்த்தையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்திருக்கிறார்! நகையைக் கொடுத்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். நோட்டைப் பட்டென்று மூடி மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

ஆனாலும் மறுநாள் காலை மூன்றாம் நோட்டைத் திறந்தாள். அதுதான் ஆச்சரியம் என்று பிற்பாடு அவளே சொன்னாள். கேட்க நன்றாக இருந்தது. அந்த மனுஷன் ஒரு இடத்தில்கூட "நான்" என்று எழுதவில்லை. எந்தக் கட்டடம் எத்தனை அடி உயரம் என்று எழுதவில்லை. போன இடத்தில் எல்லாம் எது கிழிந்திருக்கிறது, எது ஒட்டுப் போட்டிருக்கிறது, அந்த ஒட்டைப் போட்ட கை யாருடையது என்று பார்த்திருக்கிறார். தங்கும் விடுதியின் திரைச்சீலையில் ஓட்டையை அடைத்த பூவேலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம். ரயில் நிலையத்துக் கூலிக்காரரின் தோள்பட்டையில் வைத்துத் தைத்த இரட்டைத் துணியைப் பற்றி, யோசித்துத் தைத்திருக்கிறார்கள், நல்ல மனசு என்று ஒரு வரி. முப்பத்தொரு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இந்த ஆளைத் தனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. மனைவி என்ற சொல் எங்காவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். வரவில்லை. மகள் பிறந்த பத்தாம் நோட்டில் மட்டும், இன்று ஊரில் எல்லாமே சின்ன அளவில் அழகாக இருக்கிறது என்று இருந்தது.

பன்னிரண்டாம் நோட்டிலிருந்து குரல் சரியாக இல்லை. வாக்கியத்தின் நடுவே நின்று எச்சில் விழுங்கியது. பதினாலாம் நோட்டின் பாதியில், ஒரு வெயில் காலத்துப் பக்கத்தில், பேசிக்கொண்டே இருந்தது சட்டென்று அடங்கிவிட்டது. பக்கத்தைத் திருப்பினால் எழுத்து இருந்தது, குரல் இல்லை. அடுத்த பக்கமும் அப்படியே. மகள் நோட்டை உதறிப் பார்த்தாள், வெயிலில் காட்டினாள். தையல்காரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக அவர் கையெழுத்தைத் தானே படித்தாள். தேதி, ஒரு வரி வேலை, அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. "இந்த ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்." மறுநாள், "இந்த ஊரிலும்." அதற்கு மறுநாள், "சந்தை நாள். ஒருவர்கூட வாயை மூடவில்லை." பிறகு ஒரு நாள், "முள் ஓடுகிறது. சத்தம் கேட்கவில்லை." அப்படியே நாற்பத்திரண்டு பக்கம். நாற்பத்து மூன்றாவது பக்கத்தைத் திருப்பியதும் நோட்டு மறுபடி பேசியது. கரகரப்பாக, காய்ந்த பலகையில் ரம்பம் இழுக்கிற மாதிரி.

தையல்காரியின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. அங்கே ஒரு விரல் நீளத்துக்குப் பழைய தழும்பு உண்டு. மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது தொண்டையில் வந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வேண்டியதையெல்லாம் துணிக்குக் குறி போடும் சாக்கட்டியால் மேஜையில் எழுதிக் காட்டினாள். கம்பெனி பத்து நாளுக்கு மேல் லீவு தரவில்லை, அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்; அந்தக் கோபம் அவளுக்கு வெகுநாள் இருந்தது. இரண்டு மாதம் முடிந்து, அவர் வீட்டில் இருந்த ஒரு காலையில், அவள் வாயைத் திறந்தபோது வந்தது இந்த ரம்பக் குரல். தன் குரலைக் கேட்டுத் தானே அழுதாள். முக்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஓடுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைப் பதினேழு வருடம் மன்னிக்காமல் வைத்திருந்தாள். இப்போது நாற்பத்திரண்டு பக்கங்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், அவர் அன்றைக்குச் சொன்னது எத்தனை பெரிய பேச்சு என்று புரிந்தது.

"அடியே, இது நான்டி" என்றாள்.

மகள் முதல் நோட்டை மறுபடி எடுத்துத் திறந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் அந்த இளம் குரலை நெடுநேரம் கேட்டாள். "உனக்கு இப்படி ஒரு குரல் இருந்துச்சாம்மா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். இருந்தது. தன் குரலை வெளியே நின்று கேட்டவர் யார் இருக்கிறார்கள், அதனால் தையல்காரிக்குத் தெரியவில்லை. தெருவாசிகளில் பாதிப் பேர் அதற்கப்புறம் குடி வந்தவர்கள். மீதிப் பேர் சட்டை தைத்ததை ஞாபகம் வைத்திருந்தார்கள், குரலை அல்ல. பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து முக்காலிக்கு எதிரே உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக முக்கால் மணி நேரம் வாய் திறக்காமல் கேட்டார். பிறகு, இத்தனை வருடம் இந்த வீட்டுக்கு வந்து போயும் இந்தப் பிள்ளை பேசி ஒரு நாளும் கேட்டதில்லையே, தம்பி ஒருத்தன்தான் கேட்டிருக்கிறான் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் தம்முடைய தோல் நோட்டில் பாதி நான்களை அடித்துவிட்டார் என்றும், அதற்கப்புறம் நோட்டின் தொண்டை கொஞ்சம் தெளிந்தது என்றும் சொல்கிறார்கள்.

மீதிப் பதினேழு நோட்டுகளும் அவளுடைய இன்றைய குரலில்தான் பேசின. மனைவி என்ற சொல் கடைசி வரை வரவில்லை. வர இடம் ஏது, எழுதினதெல்லாம் அவள் பேச்சாக இருக்கும்போது. வாடிக்கையாளர்கள் துணி கொடுக்க வந்து, இரண்டு குரலில் எது மெஷினுக்கு முன்னால் இருப்பது, எது முக்காலியில் இருப்பது என்று தெரியாமல் நோட்டைப் பார்த்து அளவு சொன்னார்கள். தையல்காரிக்கு மனசு நிறைந்திருந்தது. தொலைந்துபோன குரலைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்து கொடுத்த மனுஷனை நினைத்துத் தினமும் நன்றி சொன்னாள், வாய்விட்டே சொன்னாள். ஒரே ஒரு குறை. எல்லாம் தன் குரலாகவே இருக்கிறது. அவர் குரலைக் கேட்க ஒரு வழியும் இல்லை. அரை வார்த்தையாக இருந்தாலும் அது அவருடையது அல்லவா.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு புது நோட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, தனியாக ரயில் ஏறினாள். அந்த நூற்றுப் பன்னிரண்டு படி உள்ள மணிக்கூண்டு எங்கே என்று விசாரித்துப் போய், சாவிக்காரரிடம் கேட்டு, மூச்சு வாங்க மேலே ஏறினாள். பல்சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஓரமாக ஆணியில் ஓர் எண்ணெய்த் துணி தொங்கியது. அதன் நாலு ஓரமும் அவள் கையால் அடித்தவை. சும்மா துடைக்கிற துணிக்கு எதற்கு ஓரம் என்று என்றைக்கோ அவரைக் கேட்டுக்கொண்டே தைத்துக் கொடுத்தது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதினாள். வருகிற வழியில் ரயிலிலும் எழுதினாள். இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் வீடு வந்து சேர்ந்து, கடையில் சேர்ந்திருந்த வேலையைப் பார்த்து மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். மகள்தான் நோட்டை எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தாள்.

படி நூற்றுப் பன்னிரண்டு என்றது நோட்டு. தாழ்ந்த ஆண் குரல். கைப்பிடி எண்ணெய் கேட்கிறது என்றது. பெரிய முள் நலம் என்றது. சின்ன முள் நலம் என்றது. ஒவ்வொன்றுக்கும் நடுவில், டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து நிறம் பார்த்து வைக்கிற அளவுக்கு இடைவெளி விட்டது. மகள் அசையாமல் நின்றாள்.

"நீ என்னம்மா எழுதினே?"

"பாத்ததத்தான் எழுதினேன்" என்றாள் தையல்காரி. முள்ளைத் தள்ளாதே, சக்கரத்தைப் பார் என்று தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அது யார் சொல்லித் தன் வாயில் ஏறியது என்று அப்போதுதான் யோசித்தாள். எழுதும்போது அது அவர் பேச்சு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மகள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ரயில் ஊருக்குள் நுழையும்போது எழுதிய ஒரே வரி.

"வந்தாச்சு" என்றது குரல்.

"சரி, உக்காருங்க" என்றாள் தையல்காரி. காலாலேயே முக்காலியைப் பக்கத்தில் இழுத்து, பொத்தான் டப்பாவைத் திறந்து அதன்மேல் வைத்துவிட்டு, மெஷினை மிதித்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள்.